ஆடி என்று அனுப்புங்கள்

மதுரையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் டை கட்டியிருந்தார். ஆனி மாத வெயிலில் ராஜபாளையத்துக்கு டை கட்டிக்கொண்டு வருகிற ஆளை நம்பியிருக்கவே கூடாது. நம்பினேன். என் புத்தி அப்படி.

அவர் சொன்னது இதுதான். ஐந்தே இலக்கத்தில் ஒரு நம்பர் தருவார்கள். ஜனங்கள் அந்த நம்பருக்கு ஒரே ஒரு வார்த்தையை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும். இரண்டு நைட்டி வாங்கினால் ஒன்று இலவசம் என்று உடனே பதில் வரும். அதைக் கடையில் காட்டி வாங்கிக்கொள்ளலாம். "அனுப்புனவங்க நம்பர் எல்லாம் உங்க கைக்கு வந்துரும் மேடம். தீபாவளிக்கு நீங்களே அவங்களுக்கு மெசேஜ் போடலாம்" என்றார்.

ராஜபாளையத்தில் எனக்கு நைட்டிக் கடை. தளவாய்புரத்திலும் செட்டியார்பட்டியிலும் தைத்து வருகிற சரக்கு. கடை பரவாயில்லாமல் ஓடுகிறது, இந்த வித்தை எனக்குத் தேவையில்லை. தேவைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்கு. அதை நடத்தியது என் நாத்தனார். கை நீட்டுகிற புருஷனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்தவள். கடை வைத்து நான்கு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "ஆடி வரைக்கும் பாப்போம். ஆள் வரலேன்னா கடைய மூடிட்டு அவ புருஷன் வீட்டுக்கே போகட்டும். நான் பேசிக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்." சொன்னால் செய்கிற மனுஷர். அதனால்தான் டைக்காரருக்குச் சரி என்றேன்.

என்ன வார்த்தை வைக்கலாம் என்று டைக்காரர் கேட்டதும் நாத்தனார் சட்டென்று "ஆடி" என்றாள். அவர் லேப்டாப்பில் இங்கிலீஷில் ஏ, ஏ, டி, ஐ என்று தட்டிக்கொண்டார். ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வாசகம் எழுதியது நான். நம் ஊர்ப் பெண்களுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று, 'ஆடி என்று டைப் செய்து அனுப்புங்கள்' எனத் தமிழிலேயே பெரிதாகப் போட்டேன். ஆட்டோவில் மைக் கட்டி சுந்தரபாண்டியம் வரைக்கும் கத்தவும் விட்டேன்.

ஆடி பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்த பெண் போனை நீட்டினாள். 'மேஷம்: இன்று எதிரிகளால் தொல்லை. வாகனத்தில் கவனம்.' இதற்கு நைட்டி தருவீர்களா என்று கேட்டாள். அடுத்தவளுக்கும் மேஷம். மூன்றாவதாக வந்தவள் சண்டைக்கே வந்துவிட்டாள். "நான் விருச்சிகம்லா! எனக்கு எதுக்கு மேஷத்த அனுப்புதீக?"

டைக்காரரைப் போனில் பிடித்தேன். அந்த நம்பர் எங்களுக்கு மட்டும் உரியது இல்லையாம். பல கம்பெனிகளுக்கு ஒரே நம்பராம். வருகிற வார்த்தையைப் பார்த்து மிஷின் பிரித்து அனுப்புமாம். இரண்டு ஏ போட்டால் நாங்கள். ஒரு ஏ போட்டால் யாரோ ஒரு ஜோசியக் கம்பெனி, தினமும் காலையில் ராசிபலன், ராசி சொல்லாதவர்களுக்கெல்லாம் மேஷம். தமிழில் தட்டினால் 'தவறான வார்த்தை' என்று பதில். அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டாமா?

"போர்டுல ஸ்பெல்லிங் போட்டீங்களா மேடம்?"

"ஆடிக்கு என்னய்யா ஸ்பெல்லிங்?" என்று கத்தினேன்.

நாத்தனார் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த மூன்று எழுத்தை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்த ஏ போட்டா அடின்னும் வாசிக்கலாம்லா மதினி. அடிக்குப் பயந்துதான இங்க வந்தேன், இங்கயும் அதுவே வந்து நிக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. போர்டு எழுதியது நான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? மறுபடியும் மதுரைக்கே போன் போட்டேன். எடுக்கவில்லை.

மறுநாளே போர்டில் இங்கிலீஷ் எழுத்தை ஒட்டினோம். என்ன பிரயோஜனம், ஊரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே மேஷம் போய்விட்டது. ஒரு சபை போதகரின் மனைவி வந்தார். "எங்க வீட்டுல ஜாதகமே எழுத மாட்டோம்மா. நேத்து ஜெபக் கூட்டத்துல போன் டிங்குன்னுச்சு. பக்கத்துல இருந்தவ எட்டிப் பாக்கா, சனி பார்வைன்னு வந்திருக்கு!" எங்கே போய் முட்டிக்கொள்ள?

நான் தினமும் மதுரைக்குப் போன் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டேன். நாத்தனார் அப்படியில்லை. ஸ்டாப் என்று தட்டி, நடுவில் இடம் விட்டு, ஒத்தை ஏ ஆடியைத் தட்டி அனுப்பினால் ராசிபலன் நின்றுவிடும் என்று அவளே கண்டுபிடித்தாள். வந்தவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து ஒவ்வொரு போனாக வாங்கி நிறுத்திக் கொடுத்தாள். என்ன பதில் வந்திருந்தாலும் சரி, இரண்டு எடுத்தால் மூன்றாவது உண்டு என்றாள். லோன் வேண்டுமா என்று வருவது, பாட்டு வைக்கச் சொல்லி வருவது, எல்லாவற்றையும் நிறுத்தித் தரச் சொல்லிப் புருஷன் போன், மாமியார் போன் என்று பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஆடிப்பூரத் தேருக்கு வந்தவர்களில் சிலர் கடையை விசாரித்துக்கொண்டே வந்தார்கள்.

மாதக் கடைசியில் கம்பெனி ரிப்போர்ட் அனுப்பியது, என் வீட்டுக்காரர் போனுக்கு. சரியான வார்த்தையை அனுப்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு அவர் நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பைக்கை விட்டார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் நான் கெஞ்சியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்றபடியே கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. கடையப் பத்திப் பேசணும்."

அண்ணன் குரல் கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வருகிறவள் அவள். அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கஸ்டமர் நிக்காகண்ணே. செத்த நேரம் நில்லுங்க, பொறவு வாரேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன். ஆனாலும் நின்றார். செருப்புகளுக்கு நடுவில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, தங்கை ஒருத்திக்கு மஞ்சள், இன்னொருத்திக்குப் பச்சை என்று எடுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முன்னால் நின்ற ஓர் அம்மா திரும்பினார்.

"அண்ணாச்சிக்கும் மேஷம் வருதோ? வரிசையில வாங்க."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"இல்லம்மா" என்றார். "இது எந்தங்கச்சி கடை."