கூறை கட்டிப்போன இரும்புச் சுரங்கம்

கல்யாணம் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கூறைச் சேலையைத் திரும்பவும் கட்டிக்கொண்டு நான் ஒரு கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கத்துக்குப் போனேன். தொண்ணூறுகளின் ரொறன்ரோவில் கல்யாண வீடியோவுக்கு வெளிப்புறக் காட்சி ஒன்று இல்லாவிட்டால் மானமே போய்விடும். பூங்காக்களில் எடுத்து அலுத்துப்போன எங்கள் வீடியோக்காரர், கிழக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் நீல ஏரியும் ரயில் பாதையும் இருக்கிறது, ஆட்களே இல்லை என்று மாமியின் மனதைக் கரைத்துவிட்டார்.

எனக்கு வீடியோவா கவலை? கொழும்பிலிருந்து வந்து இறங்கி ஒரு மாதம். புகைப்படம் பார்த்து முற்றாக்கிய கல்யாணம். என்னவர் நாங்கள் இருந்த மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து, இரும்புத் தகட்டில் கார்க் கதவு அடிக்கும் தொழிற்சாலைக்குப் போவார், வருவார். எதைக் கேட்டாலும் "ஓம்", இல்லாவிட்டால் "இல்லை". வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எரிச்சல் வரும். இந்த மனிதருடன் ஆயுள் முழுக்க எதைப் பேசுவது என்று உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன்.

போய்ப் பார்த்தால் தண்டவாளமே இல்லை. கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சரளைக்கல் பாதைதான் மிச்சம். ஏரி என்றது தண்ணீர் நிரம்பிய சுரங்கக் குழி. வீடியோக்காரரின் முகம் வாடிவிட்டது.

"பரவாயில்லை, ரெண்டுபேரும் கதைச்சுக்கொண்டு நடவுங்கோ. நான் பிறகு பாட்டுப் போடுறன்," என்றார்.

கதைப்பதா? இவரோடா?

என்னவர் குனிந்து ஒரு கறுத்தக் கல்லை எடுத்து என் கையில் வைத்தார். பாரத்தில் கை தாழ்ந்தது.

"இரும்புக்கல். பிளேனில காந்தக் கருவி பூட்டிப் பறந்துதான் கண்டுபிடிச்சவையாம். உந்தப் பலகையில எழுதியிருக்கு."

அதன் பிறகு நிறுத்தவில்லை. கல்லை அரைத்து உருண்டை பிடித்ததும், அதை ரயிலில் ஏற்றி ஏரித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனதும், அங்கிருந்து கப்பலில் அமெரிக்க உருக்காலைக்கு அனுப்பியதும், வாங்க ஆளில்லாமல் போய், தண்ணீர் இறைத்த பம்புகளை நிறுத்தக் குழி நிரம்பியதும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே நடந்தார். சேலைக் கரையெல்லாம் துருத்தூள். கூறை சிவப்பானபடியால் மாமியிடம் தப்பினேன்.

"தண்டவாளத்தைக் கழட்டி என்ன செய்திருப்பினம்?" என்று கேட்டேன்.

"உருக்கியிருப்பினம்."

"அப்ப உங்கட பக்ரறிக்கும் வந்திருக்கும். தண்டவாளத்தை உருக்கித்தான் கார்க் கதவு அடிச்சிருக்கிறியள்!"

வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்படியொரு சந்தோசம்.

"உமக்கு உதெல்லாம் கேக்க விருப்பமோ?" என்றார்.

"ஓம்," என்றேன். இந்தமுறை அதற்குமேல் வராதது எனக்குத்தான்.

வீடியோக் கசெற் வந்தபோது எங்கள் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. அதன்மேல் ஒரு காதல் பாட்டு ஓடியது. பார்க்க வந்த அன்ரிமார் விடவில்லை. "அப்பிடி என்ன பிள்ளை கதைச்சனீங்கள், முகமெல்லாம் பூரிச்சுப்போய்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அன்ரிமார் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரும்பைப் பற்றி என்றால் யார் நம்பப்போகிறார்கள்?