தேங்காய் விழுந்தபோது நான் கதிரையில் இல்லை

போன வருடம் ஓகஸ்ட் விடுமுறையில், கொக்குவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகளுடன் வந்திருந்தா. மகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறைக்கும் பயிற்சிப் புத்தகம் கொடுத்திருந்தது. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிப்பவள். அவளும் நானும் தென்னைமர நிழலில் கதிரை போட்டு இருந்தோம்.

கணக்கு ஈர்ப்பு அழுத்தசக்தி, அதாவது உயரத்தில் இருக்கும் பொருளுக்குள்ள சக்தி, பற்றியது. பத்து இறாத்தல் பெட்டி ஆறு அடி உயரத் தட்டில் இருக்கிறது, சக்தி எவ்வளவு? அமெரிக்கப் புத்தகம், அதுதான் இறாத்தலும் அடியும்; எங்கள் கணக்கெல்லாம் கிலோகிராமும் மீற்றரும்தான். அடியில் வந்தால் ஈர்ப்புக்கு முப்பத்திரண்டு போடவேண்டும் என்று எப்போதோ படித்தது நினைவு வர, மூன்றையும் பெருக்கி ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது என்றேன். புத்தகத்தின் பின்னால் இருந்த விடை வெறும் அறுபது. அச்சுப்பிழை என்று அடித்துச் சொன்னேன். பிள்ளை நம்பவில்லை.

"பிழை உங்களிலை எண்டு நினைக்கிறன், சின்னம்மா."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பயணப்பெட்டி நிறுக்க அக்கா கொண்டுவந்த சின்னத் தராசு இறாத்தலில் காட்டும். நிறுத்தே பார்ப்போம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அரிசிப் பையைக் கொக்கியில் மாட்டித் தூக்கியதும் கை கீழே இழுபட்டது. அப்போதுதான் உறைத்தது. கிலோகிராம் திணிவு, பொருள் எவ்வளவு என்பது மட்டும்; அதை ஈர்ப்பால் பெருக்கத்தான் வேண்டும். இறாத்தலில் தராசு காட்டுவதோ பூமி இழுக்கும் இழுவையையே. ஈர்ப்பு அதற்குள் ஏற்கனவே இருக்கிறது. உயரத்தால் பெருக்கினால் முடிந்தது, அறுபதேதான்.

அதைச் சொல்ல வாயெடுக்கும்போது முற்றத்தில் படாரென்று ஒரு சத்தம். கிணற்றடியில் நின்ற அக்கா எங்கள் பெயரைக் கூப்பிட்டபடி ஓடிவந்தா. நாங்களும் வெளியே ஓடினோம். நான் இருந்த பிளாஸ்டிக் கதிரை நடுவால் பிளந்து கிடந்தது. பக்கத்தில் உரிக்காத தேங்காய் ஒன்று. அக்கா அழுதபடி எங்கள் இருவரையும் மாறி மாறித் தடவிப் பார்த்தா.

பிள்ளை மட்டும் தேங்காயைப் பையில் போட்டு நிறுத்தாள். நாலு இறாத்தல். மரம் நாற்பது அடியாவது இருக்கும். நூற்றறுபது அடி-இறாத்தல்.

"இதையும் முப்பத்திரண்டாலை பெருக்க வேணுமோ, சின்னம்மா?"

"வேண்டாம் பிள்ளை, உதுவே என்னைக் கொல்லக் காணும்" என்றேன். அழுகையில் இருந்த அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது வகுப்பில் யாராவது "ரீச்சர், விடை பிழை" என்றால் எனக்குக் கோபம் வருவதில்லை. அப்படி ஒரு சொல்லால்தான் நான் இன்றைக்கு உயிரோடு நின்று படிப்பிக்கிறேன் என்று ஒரு சின்ன நன்றிதான் வருகிறது.