சிவப்பு முடிச்சு

பாதி விலை என்று சொன்னால் எனக்கு எதையும் வாங்கத் தோன்றும். சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசியே காலம் தள்ளிய வம்சம். இந்தக் குணத்தோடு நான் சீட்டாடப் போனேன். அதனால் மூன்று நாலு வருஷம், எனக்கு வந்த தோல்விகளையெல்லாம் பாதி விலைக்கே வாங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காடு. மானாவாரிப் பருத்தி. மதுரைக்கு வண்டி கட்டி வரும் நாளில் மாட்டுக்குத் தவிடு, வீட்டுக்குப் புளி என்று வாங்கிவிட்டு, மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சாயக் கொட்டகைக்குப் போவேன். அங்கே நூலுக்குச் சாயம் போடுகிறவர் என் சிநேகிதர். குஜராத்துப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்த குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களோடு எங்கள் பாஷை. என்னைவிட இரண்டு வயது சின்னவர். என் காசை எடுக்கும்போதும் ‘அண்ணே’ என்று மரியாதையாகச் சொல்லித்தான் எடுப்பார்.

மழை நாளில் சாயம் போட்ட நூல் காயாது. காயாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மூணு சீட்டு. ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கொட்டகையில் நூல் நனைந்து தொங்க, அதற்குக் கீழே கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஆளுக்கு மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போடுவார்கள். நல்ல சீட்டு என்று நினைக்கிறவன் காசைக் கட்டிக்கொண்டே போகலாம். வேண்டாம் என்கிறவன் சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். இதில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டைப் பார்க்காமலே ஆடுகிறவன் ஓரணா வைத்தால், பார்த்துவிட்டு ஆடுகிறவன் இரண்டணா வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் புத்தியுள்ளவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியாது. பார்க்காமல் ஆடுவது மலிவு என்று நான் நினைத்தேன்.

“அண்ணே, பாதி வெலைங்குறதுக்காகக் கண்ணைக் கட்டிக்கிட்டு மாடு வாங்குவீங்களா?” என்றார் சாயக்காரர் ஒரு நாள்.

“மாடு வேற, சீட்டு வேற.”

“ஆமா. மாடு சாணியாச்சும் போடும்.”

பக்கத்தில் பழங்காநத்தத்து வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்தான் எங்கள் மூன்றாவது கை. ஆள் தைரியசாலி, சீட்டும் தெரியாது, பயமும் தெரியாது.

சீட்டைத் தூக்கிப் பார்த்த நாட்களிலும் நான் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. மூன்று உதவாத சீட்டை வைத்துக்கொண்டு விடாமல் காசு கட்டுவேன்.

“ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சதும் போட்டுற வேண்டியதுதானண்ணே?”

“வச்ச காசு போயிருமே, தம்பி.”

“அது போயிருச்சுண்ணே. நடுவுல வச்சதும் அது ஒங்க காசு இல்ல. மடியில இருக்கே, அதுதான் ஒங்க காசு.”

அன்றைக்கு வண்டிக்காரர் வெறும் ஒன்பதை உச்சமாக வைத்துக்கொண்டு மிரட்டியே ஒரு ஆட்டத்தை அள்ளினார். நான் வாயைப் பிளந்தேன். “ஆடுனா இப்படி ஆடணும்” என்றேன்.

“செயிச்சாரு, சரி. ஆடுனது சரியா?” என்றார் சாயக்காரர்.

“செயிச்சா சரிதான?”

“ஐப்பசியில ஈரம் பாத்து வெதைக்கிறீங்க. மழை ஏமாத்திருது. வெதச்சது தப்பா?”

“அதெப்படித் தப்பாகும்?”

“ஒருத்தன் சித்திரை வெயில்ல வெதைக்கிறான். அவன் அதிர்ஷ்டம், கோடை மழை கொட்டிருச்சு. அடுத்த வருசம் நீங்களும் சித்திரையில வெதைப்பீங்களா?”

நான் வண்டிக்காரரைப் பார்த்தேன். “என்னைய ஏன் பாக்குற மாப்ள, நான் வெதைக்கிறதே இல்ல” என்றார்.

இது சாயக்காரர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை. வானத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஆனால் காட்டில் இருக்கும் புத்தி எனக்கு வண்டியில் ஏறும்போது இறங்கிக்கொள்ளும்.

அந்தக் கொட்டகையில் இன்னொரு வழக்கம் இருந்தது. வேறு காரியத்துக்கென்று பணம் கொண்டுவந்திருப்பவன், உட்காருவதற்கு முன் அதைச் சாயக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைத் துணியில் சுற்றி, அன்றைக்குச் சாயம் போட்டு இன்னும் அலசாத சிவப்பு நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார். அதை மேலே மூங்கிலில் தொங்கவிடுவார். முடிச்சை அவிழ்த்தால் விரல் சிவந்துவிடும். எட்டு நாளைக்குப் போகாது. வீட்டில் கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள். போகும்போது முடிச்சை நூலைப் பிடிக்காமல் துணியின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்தால் கடைக்காரர் அவிழ்த்துக்கொள்வார். அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வழக்கம் தெரியும். எங்கள் பெண்டுகளுக்கும் தெரியும்.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு ஒரு ஐப்பசி. இரண்டு நாள் நல்ல மழை. காட்டில் ஈரம் கூடி நின்றது. அது காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். விதை வாங்கப் பன்னிரண்டு ரூபாயோடு மதுரைக்கு வந்தேன். என் வீட்டுக்காரி கஞ்சித்தண்ணி ஊற்றி வளர்த்த கிடாரிக் கன்றை விற்ற பணம். விதைக்கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மத்தியானம்தான் வருவார் என்றார்கள். என் கால் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டு ரூபாயும் சிவப்பு முடிச்சாகி மூங்கிலுக்குப் போனது. மடியில் என் செலவுக்கென்று இருந்த இரண்டு ரூபாயோடு உட்கார்ந்தேன்.

காலையெல்லாம் மட்டமான சீட்டு. புத்தி வந்தவனாகப் பார்த்துப் பார்த்துக் கீழே போட்டேன். அப்படியும் பாதிக்கு மேல் கரைந்தது. பிறகு ஒரு கை வந்தது. தூக்கிப் பார்த்தேன். ஆடுதன் ராஜா, ஆடுதன் ராணி, ஆடுதன் ஜாக்கி. ஒரே சாதியில் வரிசை. நாலு வருஷத்தில் எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை.

நல்ல சீட்டு வந்தால் எனக்கு வாய் நிற்காது. அது ஊருக்கே தெரியும். அதனால் அன்று கெட்டிக்காரத்தனமாக வாயை மூடிக்கொண்டேன்.

“என்ன மாப்ள, பேச்சையே காணோம். யாராச்சும் தவறிட்டாங்களா?” என்றார் வண்டிக்காரர். என் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இவரு கையில என்னமோ இருக்குப்பா” என்று தன் சீட்டைப் போட்டுவிட்டார். தன் சீட்டைப் படிக்கத் தெரியாத மனிதர், என் முகத்தைப் படித்துவிட்டார்.

நானும் சாயக்காரரும் மிஞ்சினோம். எப்போதும் பார்த்து ஆடுகிற அவர் அன்று சீட்டைத் தொடவே இல்லை. கவிழ்த்தபடியே கிடந்தது. பார்க்காமலே கட்டினார். ஓரணா இரண்டணாவாகி, நாலணாவாகி ஏறியது. பார்த்தவன் என்பதால் நான் அதைப் போல இரண்டு மடங்கு வைத்தேன். நடுவில் ஒன்றரை ரூபாய்க்குக் குறையாமல் கிடந்தது. என் மடி காலி. இன்னும் எட்டணா வைத்தால் ‘காட்டு’ என்று கேட்கலாம். இரண்டு பேர் சீட்டையும் திருப்பிவிடுவார்கள்.

“என்னண்ணே, வைக்கிறீங்களா, போடுறீங்களா?”

நான் எழுந்து மூங்கிலுக்குக் கை நீட்டினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முடிச்சில் பட்டன. நூல் குளிர்ந்திருந்தது.

பன்னிரண்டு ரூபாயில் எட்டணா. காட்டின் ஒரு மூலையில் கொஞ்சம் விதை குறையும், அவ்வளவுதானே. அவர் கையில் இருப்பது என்னவென்று அவருக்கே தெரியாது. இதே மாதிரி நூறு கை வந்தால் தொண்ணூறுக்கு மேல் நான்தான் ஜெயிப்பேன். இதெல்லாம் சரியான யோசனை. இன்றைக்கும் அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஆனால் மிச்சமுள்ள அந்தச் சில கைகளில் ஒன்று இதுவாக இருந்தால்? எட்டணா போனதை மீட்க இன்னொரு எட்டணா எடுப்பேன். அதை மீட்க ஒரு ரூபாய். என்னை எனக்குத் தெரியும். முடிச்சு ஒரு தரம்தான் முடிச்சு. அவிழ்ந்துவிட்டால் அது வெறும் துணி.

சீட்டு நல்ல சீட்டுத்தான். வைப்பதற்குத்தான் என்னிடம் காசு இல்லை. மேலே தொங்கியது காசு இல்லை, பருத்தி.

கையை இறக்கினேன். உட்கார்ந்து, ராஜா ராணி ஜாக்கி மூவரையும் கவிழ்த்துப் போட்டேன்.

சாயக்காரர் நடுவில் கிடந்ததை அள்ளிக்கொண்டார். தன் மூன்று சீட்டையும் பார்க்காமலே கட்டோடு சேர்த்துக் கலைத்தார்.

“பாத்துட்டாச்சும் கலைங்க தம்பி” என்றேன். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

“எதுக்குண்ணே? கடைக்காரரு வந்திருப்பாரு, போங்க.”

விதைக்கடைக்காரர் முடிச்சை அவிழ்த்தார். விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டே, “ஊருல உள்ளவன் ஒழுங்கா இருக்கணும்னு இந்தச் சாயக்காரன் எங்கையில பூசுறான்” என்று அலுத்துக்கொண்டார். பன்னிரண்டு ரூபாய்க்கும் கருங்கண்ணிப் பருத்தி விதை வாங்கி வண்டியில் ஏற்றினேன்.

வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள்.

“ஏங்க, கையைக் காட்டுங்க.”

காட்டினேன். இரண்டு விரல் நுனியும் குங்குமமாக இருந்தன.

“எம்புட்டுப் போச்சு?”

“ஒண்ணும் போகல. தொட்டேன், அவுக்கல.”

“தொட்டா என்ன அர்த்தம்?”

“அவுக்கலாமான்னு நெனச்சேன்னு அர்த்தம்.”

அவள் வண்டியில் இருந்த விதையைப் படியால் அளந்தாள். கடைசிப் படிவரை அளந்துவிட்டு நிமிர்ந்தாள். “அந்தக் கையை நல்லாத் தேச்சுக் கழுவுங்க. போகாது, தெரியும். இருந்தாலும் கழுவுங்க” என்றாள். அன்றைக்குக் குழம்பில் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக இருந்தது.

மறுநாள் விதையைச் சாணியிலும் மண்ணிலும் புரட்டி விதைத்தோம். சாணிக்கும் போகவில்லை அந்தச் சிவப்பு.

இத்தோடு கதையை முடித்தால் வெள்ளாமை கொழித்தது என்று சொல்ல வேண்டும். கொழிக்கவில்லை. பூவெடுக்கும் நேரத்தில் அடைமழை பிடித்துப் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. விதைக்காமல் சும்மா இருந்த பக்கத்துக் காட்டுக்காரர், “நான் வெதைக்காம மிச்சம் பண்ணிட்டேன், பாத்தியா மாப்ள” என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதைத்தது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை. வந்த பருத்தியை விற்று அடுத்த வருஷத்துக்கு விதை வாங்கினேன். அந்த வருஷம் சுமார். அதற்கடுத்த வருஷம் வண்டி தாங்காமல் பருத்தி வந்தது. அதையும் என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

அந்தப் பருத்தியை மதுரையில் போட்டுவிட்டுச் சாயக்காரருக்கு ஒரு சிப்பம் கம்பு கொண்டுபோனேன். மனதில் ஊறிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“அன்னைக்கு ஏன் பாக்காம ஆடுனீங்க? எங்கையில பெரிய சீட்டு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நீங்கதான் ஊமை மாதிரி ஒக்காந்திருந்தீங்களே.”

“அப்புறம்?”

“ஒங்க மடி காலியாகப்போகுதுன்னும் தெரியும்ணே. அதுக்கு மேல எஞ்சீட்டு என்னவா இருந்தா என்ன?”

“நான் முடிச்சை அவுத்திருந்தா?”

அவர் நூலைப் பிழிந்து உதறினார். “தோத்திருப்பேன். அநேகமா. அதோட ஒங்ககூடச் சீட்டைத் தொட்டிருக்க மாட்டேன்” என்றார்.

அன்றைக்கு நான் இழந்தது இரண்டு ரூபாய். அந்த விலைக்கு அப்படியொரு சிநேகிதமும், என்னைப் பற்றி எனக்கே ஒரு தகவலும் கிடைத்தன. என் வாழ்க்கையில் பாதி விலைக்கு வாங்கி நஷ்டப்படாத சரக்கு அது ஒன்றுதான்.

இப்போதும் மழை நாளில் போகிறேன். சீட்டைப் பார்க்கிறேன், பெரும்பாலும் கீழே போடுகிறேன். தோற்கிறேன், முன்பைவிட மெதுவாக. வீட்டுக்காரி இன்னும் வாசலில் நிற்கிறாள். அவள் கேட்பதற்குள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் காலைக் கழுவுகிறேன்.