கன்றுக்குட்டி வாய்க்கூடை

வேலைக்குப் போகிறவள் பிள்ளை அடங்காது என்று எங்கள் ஊரில் எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் கடலைக்காய் மண்டிக்காரர். விடிந்ததும் எங்கள் தாய்மாரை வேலைக்குக் கூப்பிட்டவரும் அவர்தான்.

என் அப்பா மேட்டூரில் அணை கட்டப் போன இடத்தில் இன்னொருத்தியையும் கட்டிக்கொண்டார். ஆகவே ராசிபுரத்து மண்டியில் அம்மா கடலைக்காய் உரித்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். எனக்கு நாலு வயது. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போவாள். சுற்றிலும் கடலை மலையாய்க் கிடக்கும்போது எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? தின்றேன். தடுக்க வந்த கணக்குப்பிள்ளையைக் கடித்தேன். கடலை அளவுக்கு அவர் ருசிக்கவில்லை.

மண்டிக்காரர் அம்மாவைக் கூப்பிட்டார். மண் தின்னும் கன்றுக்குட்டிக்கு மாட்டுகிற வாய்க்கூடை ஒன்று அவர் கையில் இருந்தது.

“இதை மாட்டி உடு. இல்லீன்னா நாளையிலிருந்து நீயும் வர வேண்டாம்.”

அம்மா அதை என் முகத்தில் மாட்டி, கயிற்றைப் பிடரியில் கட்டினாள்.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத நகை எனக்கு மட்டும். கழன்றுவிடுமோ என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கடலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்களுக்கும் வேண்டும் என்று இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். மண்டிக்காரருக்கு ஒரே பூரிப்பு. வந்த வியாபாரிகளிடமெல்லாம் என்னைக் காட்டினார்.

“இப்பப் பாருங்க, எத்தனை அடக்கமா உக்காந்திருக்குதுன்னு.”

என் நடத்தைக்கு நான் வாங்கிய முதல் நற்சான்று அது. கடைசியும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். என் வாய்க்கூடையை அவிழ்த்தாள். நான் கத்தி ஊரைக் கூட்டினேன். அதை மண்டிக்காரர் முன்னால் வைத்து, “நாங்க வாரோமுங்க” என்று சொல்லிவிட்டு, என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ரோட்டோரத்து வெயிலில் சல்லிக்கல் உடைத்தாள். அங்கே தின்ன ஒன்றுமில்லை. அதனால் நானும் நல்ல பிள்ளையாகிவிட்டேன்.

பெரியவனான பிறகு ஒருநாள் அவளைச் சீண்டினேன்.

“நெழல்ல உக்காந்து செய்யற வேலை. ஒரு கூடைக்காகவா உட்டுப்போட்டு வந்தே? மாட்டுனப்ப நான் அழுவக்கூட இல்லியே?”

“அழுதிருந்தா மாட்டியே வெச்சிருப்பேன் சாமி” என்றாள் அம்மா. “உனக்கு அது புடிச்சுப்போச்சு. அதைப் பாத்துத்தான் பயந்துட்டேன்.”