வாக்மேனுக்குள் ஒரு குரல்

செங்கல்பட்டில் எதிர்வீட்டு அக்காவின் வாக்மேனைப் பழுதுபார்க்கத் திறந்தபோது, நாடாவைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் கருப்புப் பசையாக உருகிக் கிடந்தது. சாம்பார் பார்சலில் வந்த ரப்பர் பேண்டை மாட்டினேன். என் பழைய பாட்டு கேசட் ஒழுங்காக ஓடியது. உடனே அக்கா, இறந்துபோன கணவரின் குரல் இருந்த ஒரே கேசட்டைக் கொண்டுவந்தார்.

இயர்போனின் ஒரு முனை அவர் காதில், மற்றது என் காதில். அவர் கணவர் பேசினார், சிரித்தார். பிறகு குரல் தடித்து இழுக்க ஆரம்பித்தது. ரப்பர் தளர்கிறது, அடுத்து நாடா சிக்கும் என்று புரிந்தது. ஸ்டாப் பட்டனில் விரலை வைத்தேன்.

“நிறுத்தாதடா. பேசிக்கினுதான கீறாரு.”

“டேப்பு மாட்டிக்கும்க்கா.”

“சும்மா இரு. இப்ப என் பேர சொல்லுவாரு.”

அழுத்திவிட்டேன். மூடியைத் திறந்தால், நாடா ஏற்கெனவே உருளையில் இறுகச் சுற்றியிருந்தது. அக்கா இயர்போனைக் கழற்றாமல் காத்திருந்தார்.