லேட்டு வண்டி நேரத்துக்கு வந்த நாள்

அன்புப் பிள்ளைகளே,

உங்கள் சித்தப்பா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் அவருடைய படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் போட ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அச்சகத்தில் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கிப் பழகிய கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்று உங்கள் அம்மா சொன்னாள். வேறு யார் எழுதினாலும் நல்லதை மட்டும் எழுதுவார்கள். நடந்ததை நான்தான் எழுத வேண்டும்.

சித்தப்பா பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில். எங்கள் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிற கூலிகள். எங்கே வெட்டு நடக்கிறதோ அங்கே குடிசை. அம்மா இறந்தபோது சித்தப்பாவுக்கு ஐந்து வயது, எனக்குப் பதின்மூன்று. அதன்பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு சின்னசேலத்துக்கு வந்துவிட்டார். அவர் தானியம் ஏலம் போகிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினார். பிறகு நான் தூக்கினேன். சித்தப்பாவுக்குச் சோறு ஊட்டியதும், தலை வாரியதும், அடித்ததும் நான்தான்.

இங்கே வந்த அன்று அவர் முதன்முதலாக ரயிலைப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் கை காட்டிக் கத்துவார்கள். இவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “ண்ணா, இது எங்கண்ணா போய்க்கினு இருக்குது? எவ்ளோ நேரத்துல போய்ச் சேரும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுவந்து சொன்ன பிறகுதான் சாப்பிட்டார்.

சின்ன ரயில் பாதையைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போட்டபோது சித்தப்பா காண்ட்ராக்ட் ஆளாக வேலைக்குப் போனார். கடைசிவரை காண்ட்ராக்ட் ஆள்தான். நிரந்தரமாகிவிடும் என்று காத்திருந்து காத்திருந்து வயது தாண்டிவிட்டது. வெயிலில் காய்ந்த ஜல்லியைத் தண்டவாளக் கட்டைக்கு அடியில் அடித்து இறுக்குவது அவர் வேலை. ஆனாலும் “ரயில்வே” என்று அவர் சொல்லமாட்டார். “நம்ம வண்டி” என்பார். எந்த வண்டி எத்தனை நிமிடம் முந்திப் போய்ச் சேர்ந்தது என்பது அவருக்கு அத்துப்படி. எந்த வண்டியாவது பழைய நேரத்தை முறியடித்துவிட்டால் வீட்டுக்குள் நுழையும்போதே “ரெக்கார்டுண்ணா!” என்று சத்தம் வரும். டீக்கடையில் அவரைக் கண்டாலே கிண்டல் செய்வார்கள்.

“வாய்யா ரயில்வே மந்திரி! இன்னா, உன் லேட்டு வண்டி வந்துச்சா, இல்ல எங்கனா படுத்துக்கிச்சா?”

“வரும்யா. ஒரு நாளு நீ இந்த டீய குடிச்சி முடிக்கங்காட்டியும் வந்து போய்டும். அன்னிக்குத் தெரியும் ஒனக்கு” என்பார் சித்தப்பா.

லேட்டு வண்டி என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடற்கரைப் பக்கம் கிளம்பி நம்மூர் வழியாக, சேலம் தாண்டி, பெங்களூர் போகிற பாசஞ்சர். நேரம் என்னவோ மூன்று மணி ஐந்து நிமிடம். வந்தது நான் பார்த்து நாலுக்கு முன்னால் இல்லை. கடிகாரம் பார்க்காதவர்கள்கூட அதை வைத்துத்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். ஊருக்குக் கிழக்கே கரிசல் மண்ணில் தண்டவாளம் போகிற மேடு ஒன்று உண்டு. மழை பெய்தால் மண் இறங்கும். அதனால் அங்கே மெதுவாகப் போகச் சொல்லி ஒரு மஞ்சள் பலகை நட்டிருந்தார்கள். வண்டி அந்த இடத்தில் நடந்துதான் வரும். அங்கே ஆன தாமதம்தான் அதன் பெயராகிவிட்டது.

அந்த மேட்டைச் சரி செய்த ஆட்களில் சித்தப்பாவும் ஒருவர். மூன்று வருடம் அங்கேயே கிடந்தார். “இந்தப் பலகைய எடுத்துட்டா இந்த வண்டிய பிடிக்க முடியாதுண்ணா” என்பார். அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்குள் வந்து படுத்துவிட வேண்டும், தவறினால் வரிசையில் அடுத்தவர், பிறகு புதிதாக நாள் வாங்க வேண்டும். பஸ்ஸில் குலுங்கக் கூடாது, படுத்துக்கொண்டே வரட்டும் என்று டாக்டர் சொன்னதால் முந்தின நாள் லேட்டு வண்டியில் போவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த மஞ்சள் பலகையைப் பிடுங்கினார்கள். பார்க்க வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். அவரை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிப் போனவன் நான். பலகை மண்ணிலிருந்து வந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். பிள்ளைகளே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகவேண்டிய அன்று கமிட்டிக்கு மக்காச்சோள லோடு வந்திருந்தது. ஆள் குறைவு. வண்டிக்கு நேரம் இருக்கிறதே என்று நானும் தோள் கொடுத்தேன். “நான் வராம கிளம்பாத” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஸ்கேன் காகிதங்கள் எல்லாம் என் பையில் இருந்தன. இரண்டு மணிக்கு அவர் போன் செய்தார்.

“ண்ணா, கிளம்பலாமாண்ணா?”

“இருடா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு.”

இரண்டேகாலுக்கு மறுபடியும். “ண்ணா, பலகைய எடுத்துட்டாங்கள்ல. இப்போல்லாம் டயத்துக்கு வருதுண்ணா.”

“டேய், ஒன் வண்டி என்னிக்குடா டயத்துக்கு வந்துச்சி? ஒரு வாரம் வந்தா ஒழுங்கா ஆய்டுமா? சாப்ட்டுட்டு படு.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது முறை அவர் கூப்பிட்டபோது போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. முதுகில் மூட்டை இருந்தது. எடுக்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு வீட்டுக்குப் போனேன். சித்தப்பா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உங்கள் சித்தி. நான் வராமல் கிளம்பாதே என்ற சொல்லுக்காக, உட்கார்ந்த இடத்திலேயே காத்திருந்திருக்கிறார். ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கிற கேட்டுக்கு வந்தோம். கேட் மூடியிருந்தது.

அந்த கேட் கீப்பர் சித்தப்பாவோடு பழகியவர். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“தொறந்து வுடுங்க, ஆஸ்பத்திரிக்கு போறோம். நீங்களே பாருங்க, ஒங்க ஆளு.”

“ஐயோ, சிக்னல் குடுத்தாச்சுங்க. இனிமே கேட்டு தொறக்க சாவி வராதுங்க. இன்னிக்கு மூணு மணிக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல வந்து நின்னுடுச்சுங்க.”

“போன் போடுங்க. ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க.”

அவர் போனை எடுத்தார். காதில் வைத்தவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். “வண்டிய எடுத்துட்டாங்களாம்” என்றார்.

ஹாரன் கேட்டது. சித்தப்பா ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி எங்களைத் தாண்டிப் போனது. நாங்கள் ஏற வேண்டிய பெட்டி, படுக்க வேண்டிய இடம், எல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் போயின. கடைசிப் பெட்டி போனதும் சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூணு ஆறு. கரெக்டு டயம்ணா. ஆட்டமே இல்லாம போவுது பாத்தியா?”

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். சந்தோஷத்தில்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் சித்தி ஆட்டோவுக்குள்ளிருந்து, “மாமா, அவருதான் சொன்னாரே மாமா” என்றாள். அதற்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

பஸ்ஸில் கிளம்பினோம். ஆத்தூர் போவதற்குள் மூச்சுத் திணறிவிட்டது. அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்து இரண்டு நாள் வைத்திருந்தோம். பெங்களூரில் நாள் போய்விட்டது. இருபத்துமூன்று நாள் கழித்து வேறு நாள் கொடுத்தார்கள். அந்த வண்டி அன்று பெங்களூருக்கு, அது ஓட ஆரம்பித்ததிலிருந்து ஓடாத வேகத்தில், நேரத்துக்கும் பதினொரு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்ததாம். கேட் கீப்பர் விசாரித்து வந்து சொன்னார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டே “ரெக்கார்டு” என்றார்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஒருநாள் கேட்டேன். “எம்மேல கோவமாடா?”

“இன்னாண்ணா நீ. அந்த வண்டிய லேட்டு இல்லாம பண்ணதே நாங்கதான். நானே அத வுட்டுட்டேன்னு டீக்கடைல தெரிஞ்சா சிரிப்பானுங்க. வெளிய சொல்லாத” என்றார்.

நான் சொல்லவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

தினமும் மூன்று மணிக்கு வண்டியின் ஹாரன் நம் வீடுவரை கேட்கும். “வந்துடுச்சுண்ணா” என்பார். கோபமில்லாமல்தான் சொல்வார். ஒவ்வொரு நாளும் அது என் மார்பில் ஏறிப் போகும். காதை மூடிக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. ஆத்தூரிலிருந்து வீடு திரும்பிய பதினோராவது நாளும் ஹாரன் கேட்டது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

துக்கம் ஒரு வருடத்தில் ஆறும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. நோயில் போனார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பொய்யை உங்களுக்கு விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பதினொரு நாளும் வேலை முடிந்ததும் நேரே வந்து உட்கார்ந்திருந்த பாதை வேலை ஆட்களுக்கும், ஆத்தூர் வரை தன் மடியில் அவர் தலையைத் தாங்கிவந்த, முகம் தெரியாத அந்தப் பயணிக்கும், கேட் கீப்பருக்கும், கிண்டல் செய்தாலும் அன்று கடையை மூடிவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்த டீக்கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. உங்கள் சித்தியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை இல்லை.

இந்த மலரை வாங்கிக்கொண்டு லேட்டு வண்டியில் ஊர் திரும்பப் போகிற உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தி முடிந்ததும் உட்காராமல் கிளம்பிவிடுங்கள். நேரம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும் கேட்காதீர்கள். மூன்று ஐந்துக்கு அது வந்துவிடும். என் தம்பி சொன்னான்.