கழுவாத கை

உங்கள் பிள்ளை ஓயாமல் கை கழுவுவதைப் பார்த்து "எவ்வளவு சுத்தம்" என்று யாராவது மெச்சினால், தயவுசெய்து அவர்கள் வாயை அடைத்துவிடுங்கள். என்னை மெச்சி மெச்சித்தான் கெடுத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலி குவார்ட்டர்ஸில், நிலக்கரி மைன்ஸிலிருந்து வரும் ஆண்கள் பின்வாசலில் சட்டையைக் கழற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கொடித் துணியில்கூடக் கரித்தூள் படியும் ஊர். அங்கே பதினொரு வயதுப் பெண்ணான நான் குழாயடியிலேயே கிடந்ததை யாரும் நோயாக நினைக்கவில்லை. தோல் வெடித்து ரத்தம் கசிந்தபோதும் எதிர்வீட்டு அத்தை, "பொண்ணுன்னா இப்படியில்ல இருக்கணும்" என்றாள்.

எனக்கோ, என் கையில் ஒட்டிய கரி சோற்றில் இறங்கி அம்மாவைக் கொன்றுவிடும் என்ற பயம். குளித்து வந்த அப்பா தொட்டாலும் அலறுவேன். கடைசியில் சாப்பாட்டையே நிறுத்தினேன். அதன் பிறகுதான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள்.

மனநல மருத்துவர் இதை எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அதைத் தணிக்க ஒரே செயலைச் செய்துகொண்டே இருப்பதும்) என்றார். சிகிச்சையையும் அவரே விளக்கினார்: எதற்குப் பயமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. பயம் ஏறும், பிறகு தானாக இறங்கும். கழுவினால் அதை இறங்க விடுவதே இல்லை. எதை முதலில் தொடுவது என்று என்னிடமே கேட்டார். அம்மாவிடம், "ஒண்ணும் ஆகாதுன்னு அவகிட்ட சொல்லாதீங்கம்மா. அதுவும் கழுவுற மாதிரிதான், பயத்தைத் தானா இறங்க விடாது" என்றார்.

அப்பாவின் டிபன் பாக்ஸில் தொடங்கினோம். பிறகு பூட்ஸ். கடைசியில், அவர் அப்போதுதான் கழற்றிப்போட்ட காக்கிச் சட்டை. இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நீ செத்துடுவியாம்மா?"

"தெரியலடி. இப்படி உக்காரு."

பெற்றவளா இவள் என்று கொதித்தேன். கத்தினேன், அழுதேன். அவள் பக்கத்திலேயே இருந்தாள். வெகுநேரம் கழித்து எனக்குப் பசித்தது. பயம் போகவில்லை, சுருங்கியிருந்தது. அதே கையால் சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை அம்மாவிடம் நீட்டினேன்.

"ஐயே, என்னங்க இது, கையக் கழுவாம" என்றாள் வேலியோரம் நின்ற அத்தை.

அம்மா வாயைத் திறந்தாள். மென்று விழுங்கிவிட்டு, "உப்புப் பத்தல" என்றாள்.

அத்தையின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். விரலிடுக்கில் வெடிப்பின் தழும்புகள் இருக்கின்றன. அந்தப் பயமும் எப்போதாவது வரும். வந்தால் குழாய்ப் பக்கம் போவதில்லை. கையை மடியில் வைத்து உட்கார்ந்துகொள்கிறேன். அது போகும்வரை எனக்கு வேறு அவசரம் இல்லை.